சில்லென்ற இன்ஜினுக்கு நூற்று நாற்பது டிகிரி

தானே புயல் முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்த வருஷம், காடாம்புலியூரில் குப்புசாமி, ஏழுமலை, நான் என மூன்று பேர் கூட்டாக வாங்கிய லாரி இது.

ஒரு வாரமாக இன்ஜின் சூட்டு விளக்கு அணையவே இல்லை. புது சென்சார் போட்டும் பயனில்லை. இன்று சிதம்பரத்தில் மெக்கானிக் கோளாறு காட்டும் மிஷினைச் செருகிப் பார்த்தார்.

"நூத்தி நாப்பது டிகிரி காட்டுது மாமா. இன்ஜின் ஹெட்டைக் கழட்டணும்."

"கழட்டுனா ஆகுற செலவுக்கு என் புள்ள வண்டிய பழைய இரும்புக்குப் போட்டுருவான். நேத்துலேர்ந்து இங்கயே நிக்கிற வண்டிப்பா, தொட்டுப் பாரு."

தொட்டார். சில்லென்று இருந்தது.

"அப்ப வயர்லதான் கோளாறு. எங்கன்னு தேடுறது?"

"ரேடியேட்டருக்குப் பின்னால, கீழ. எலி கடிச்ச வயர எங்க குப்புசாமி சைக்கிள் டியூப் சுத்தி ஒட்டுனான்."

பிரித்துப் பார்த்தால், ரப்பர் மக்கி இரண்டு கம்பிகளும் உரசிக்கொண்டிருந்தன. தனித்தனியாகச் சுற்றியதும் விளக்கு அணைந்தது.

குப்புசாமி போய் நாலு வருஷம். ஏழுமலை போன தை மாதம் போனான்.

அந்த லாரியில் இன்னும் ஏழு ஒட்டு இருக்கிறது. எனக்கு எழுதத் தெரியாது, எங்கும் குறித்து வைக்கவில்லை. இதையும் நான் பேசப் பேசப் போன்தான் எழுதுகிறது.

கேட்கிறவர்கள் சீக்கிரம் கேளுங்கள். இடம் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது ஆறுமுகம் ஒருவன்தான், அதாவது நான்.