நாமினி மாற்றப் போன இடத்தில்

இன்று திருவொற்றியூர் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு, என் பாலிசியில் நாமினியை மாற்றப் போனேன். இப்போதைய நாமினி என் மனைவி ஸ்டெல்லா. அவள் சண்டை போட்டுக்கொண்டு மீஞ்சூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது.

"அவ கையெழுத்து வாங்கினு வரணுமா மேடம்?"

"வாணாம்பா. நீ ஃபாரத்துல கையெழுத்து போட்டா போதும். எத்தினி தபா வேணா மாத்திக்கலாம்" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண்மணி.

என் முகம் வாடிவிட்டது. கையெழுத்து கேட்கும் சாக்கிலாவது அவளைப் பார்க்கலாம் என்றுதான் வந்திருந்தேன். அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

"பாக்கணும்னா நேரா போய்ப் பாரேன். அதுக்கு இன்னாத்துக்கு ஃபாரம்?"

நாமினியை மாற்றவில்லை. மீஞ்சூர் ரயிலில் இருக்கிறேன்.

அவள் கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொல்வது? அனுபவசாலிகள் கமென்ட்டில் சொல்லுங்கள். ரயில் அத்திப்பட்டைத் தாண்டிவிட்டது.