சரண்யாதேவிக்கு முன்னால் ஒரு ‘சி’

மேலூருக்குக் கிழக்கே குவாரியில் கல் உடைத்தவர் முத்திருளன். அவர் மகன் சின்னக்கருப்பன் நடவுக்கும் அறுப்புக்கும் கூலி போய், பிறகு கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்தவர். அவருக்குத் தங்கப்பொண்ணு வயிற்றில் பிறந்த ஒரே மகள்தான் சரண்யாதேவி. அந்த வம்சத்தில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் ஆள்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் தங்கி அவள் ஆய்வு செய்த காலத்தில், ஒரு கட்டுரையை யார் எழுதினார், எதில் வந்தது என்று கண்டுபிடிக்கவே நாய் படாத பாடு. அந்த எரிச்சலில்தான் அவளும் கூடப் படித்த ஸ்யாமளாவும் காளவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து, ஆய்வுக் கட்டுரைகளுக்கென்று இணையத்தில் ஒரு பட்டியல் கட்ட ஆரம்பித்தார்கள். திறந்த வீடு மாதிரி. மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம், பட்டியலை யாரும் திருத்தலாம். ஒரே நிபந்தனை, ஏன் திருத்தினேன் என்று காரணம் எழுத வேண்டும். அது எல்லார் கண்ணிலும் படும், பிறகு அழியாது.

கட்டக் கட்ட ஒரு சிக்கல் வந்தது. நம் பக்கத்தில் குடும்பப் பெயர் ஏது? அப்பன் பெயரின் முதல் எழுத்துதானே! ஒரே பெயர், ஒரே இனிஷியலோடு நாலைந்து பேர் வந்து, ஒருத்தர் கட்டுரை இன்னொருத்தர் தலையில் ஏறியது. சரண்யாதேவிதான் சட்டம் போட்டாள்: இனிஷியலை விரித்து முழுப் பெயராகப் போட வேண்டும். அடம்பிடித்த பேராசிரியர்களைக்கூட போன் போட்டு விரட்டி வாங்கினாள்.

தன்னுடையதை மட்டும் விரிக்கவில்லை. விடுதியில் சேர்ந்த அன்று ஒருத்தி, “உன் இனிஷியலுக்கு என்னடி பேரு?” என்று கேட்டாள். இவள் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று மூடிய எழுத்து அது.

பட்டியல் வெளியான வாரம், கையில் ஒரு பை கத்தரிக்காயோடு சின்னக்கருப்பன் மாடியேறி வந்து நின்றார்.

“வாங்கப்பா, உக்காருங்க,” என்று ஸ்யாமளா நாற்காலி போட்டாள். “இதுல எல்லாருக்கும் அப்பா பேரு முழுசா வரும். உங்க மக போட்ட சட்டம்.”

“அடி ஆத்தே! அப்ப எம் பேரும் கம்ப்யூட்டர்ல இருக்கா? காட்டு தாயி, பாப்போம்.”

வேறு எதையும் வேகமாக வாசிக்க அவருக்கு வராது. தன் பெயரை மட்டும் எங்கே கண்டாலும் தெரியும்.

சரண்யாதேவிக்குக் கை எழவில்லை. ஸ்யாமளாவே தேடினாள். ‘சி. சரண்யாதேவி’ என்று வந்து நின்றது.

“ஏய், உன்னுது மட்டும் ஏன் விரியல?”

“அது... சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறுடி.”

சின்னக்கருப்பன் குனிந்து, எழுத்தெழுத்தாகத் திரையில் விரலை ஓட்டினார். நிமிர்ந்து சிரித்தார். “இம்புட்டுப் பேருக்குப் போட்ட மிஷினுக்கு எம் பேருதான் வாய்க்குள்ள நொழையலையாக்கும்!”

பிறகு மகள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“எம் பேருல எழுத்து நெறைய, ஆத்தா. சுருக்கமா இருக்கட்டும். பாக்க லெச்சணமாத்தான் இருக்கு. நான் வாரேன்.”

“டீ குடிச்சிட்டுப் போங்கப்பா,” என்றாள் ஸ்யாமளா.

“மாடு கட்டிக் கெடக்கும்மா.”

இறங்கிப் போய்விட்டார். படி வரைக்கும் கூடப் போக மகளுக்கு முகமில்லை.

பட்டியலில் தன் பக்கத்தைத் திறந்து அப்பா பெயரை முழுதாக அடித்தாள். காரணம் கேட்டது. ‘எழுத்துப் பிழை’ என்று எழுதினாள், அழித்தாள். ‘மென்பொருள் கோளாறு’ என்று எழுதி அதையும் அழித்தாள். ஸ்யாமளா பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கடைசியில், ‘இது என் அப்பா பெயர். சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவைத்திருந்தேன்’ என்று எழுதினாள்.

பெயர் ஏறியது. கூடவே காரணமும் ஏறியது. அதை யாரும் அழிக்க முடியாதபடி கட்டியவளும் அவள்தான்.

அந்நேரம் அவர் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மேலூர் பஸ்ஸுக்கு நின்றிருப்பார். போனை எடுத்தாள். என்னவென்று சொல்வது? கத்தரிக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.