மஞ்சள் வெல்வெட் பூ

காஜாக்கா என்றால் தையல்கடைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைப்பவள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவள் வீட்டுக்காரரே ஒரு நொடி யோசிப்பார்.

ஒரே மகள் வாலு. பெயருக்கேற்ற பிள்ளை. அவளுக்குப் பார்வை குறைந்துகொண்டேதான் போகும், தடுக்க மருந்தில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கண் தெரியும்போதே விரலால் படிக்கப் பழக்கிவிடுங்கள் என்றார். அன்றிலிருந்து காஜாக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

பிரெய்ல் சொல்லித்தந்த டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் கொடுக்க அவருக்கு ஆசை.

"கடையில விக்கிறதெல்லாம் தொட்டா ஒரே வழவழப்பும்மா. பூவும் ஒண்ணுதான், பூனையும் ஒண்ணுதான்" என்றார்.

காஜாக்கா கடையில் விழும் துண்டுத்துணிகளைப் பொறுக்கினாள். ரெக்சினில் மீன், உப்புத்தாளில் நட்சத்திரம், வெல்வெட்டில் பூ. முதல் பூவைத் தடவிப் பார்த்த டீச்சர், "இது பூவா, கசங்கின துணியா?" என்று கேட்டுவிட்டார். பிறகு இதழ்களைக் குறைத்து, நடுவில் சின்னப் பட்டன் தைத்து, பின்னால் டேப் ஒட்டிக் கொடுத்தாள். நிறத்தைப் பற்றி டீச்சருக்குக் கவலையில்லை. வாலுவுக்கு மஞ்சள் என்றால் உயிர். அதனால் பூவெல்லாம் மஞ்சள்தான்.

வாலு தினமும் சட்டையில் பூவோடு வந்தாள். பெற்றவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் சீக்கிரமே போய் வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வாலு கடகடவென்று வாசித்துக்கொண்டிருந்தாள், மூக்கு தாளில் இடிக்கக் குனிந்து, புள்ளிகளைக் கண்ணால் பார்த்து. விரல்கள் சும்மா கிடந்தன. எதிரே டீச்சர் சிரித்த முகமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கண் போனபிறகு இந்தக் கெட்டிக்காரத்தனம் காலணா பெறுமா? அன்றே காஜாக்கா விஷயத்தை டீச்சரிடம் சொல்லிவிட்டாள். கறுப்புத் துணியில் ஓர் உறையும் தைத்துக் கொடுத்தாள். தாளும் அதற்குள், கையும் அதற்குள்.

"காட்டிக்குடுத்துட்டேல்ல? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

"திட்டிக்கோ. விரலுக்கு வரலைன்னா பூ கிடையாது."

வாரக்கணக்கில் பூ வரவில்லை. வாலு தாயோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். வீட்டில் தம்ளரைத் தட்டிவிட்டாள், கதவில் மோதினாள். எல்லாம் கோபம் என்றே காஜாக்கா நினைத்தாள். இதற்கிடையில் மஞ்சள் வெல்வெட் தீர்ந்துபோக, நீலத்தில் பூ வெட்டி டீச்சருக்கு அனுப்பினாள். அதற்கும் ஒரு சண்டை பாக்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

பிறகு ஒரு மாலை அழைத்துவரப் போனபோது, உறை பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. வாலுவின் சட்டையில் பூ இருந்தது.

"மறுபடியும் திருட்டுத்தனமா? யாரைடி ஏமாத்துறே?" முதுகில் ஓர் அடியும் விழுந்தது.

வாலு அழவில்லை. "விரலாலதான் படிச்சேன். இப்ப வேணா பாரு" என்று தாளை விரித்தாள். முகம் சுவரைப் பார்த்திருக்க, விரல் வரிமேல் ஓடியது. ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

"அப்ப உறையை ஏன் போடலை?"

"போட்டாலும் போடாட்டியும் இப்ப ஒண்ணுதாம்மா."

காஜாக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அடித்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"எப்பலேர்ந்துடி? ஏன் சொல்லலை?"

"நான்தான் உங்கிட்ட பேசலையே."

வாலு சட்டையிலிருந்த பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். நடுவிலிருந்த பட்டன்மேல் விரல் நின்றது.

"மஞ்சள்தானேம்மா?"

நீலப் பூவைப் பார்த்துக்கொண்டே, "ஆமாண்டி, மஞ்சள்தான்" என்றாள் காஜாக்கா.