மூன்று வாளியில் வந்த ஆப்பிள் க்ரம்பிள்

முதல் பந்தியில் சாம்பார் முடிந்து ரசம் போய்க்கொண்டிருந்தது. நான் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்து பார்த்தால், இருநூறு கண்ணாடித் தம்ளரும் காலியாகக் கழுவுமிடத்தில் கிடக்கின்றன. தேவராஜ் கையில் எவர்சில்வர் வாளி. வாளிக்குள் என் ஆப்பிள் க்ரம்பிள்.

தேவராஜ்தான் எங்கள் கேட்டரிங்கில் பந்திக்குத் தலைவர். அவர் கரண்டியால் இரண்டு சுற்று சுற்றிக் காட்டினார்.

"இன்னாக்கா இது, தம்ளர்ல வச்சிருக்கே? மேல ஃபேன் சுத்துது, இலை பறக்குது, ஒண்ணு சாஞ்சா பட்டுப்புடவை காலி. அதான் மொத்தமா வாளில கொட்டிட்டேன். அடில ஆப்பிள் நின்னுக்கினு இருந்துச்சி, கலக்கியும் உட்டேன். எப்பிடி கீது பாரு!"

பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம். நான் வாயைத் திறப்பதற்குள் "ஸ்வீட்டு, ஸ்வீட்டு" என்று கூவிக்கொண்டே ஓடிவிட்டார்.

ஆப்பிள் க்ரம்பிள் ஒரு கல்யாணப் பந்திக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெண் கேட்ட ஒரே ஐட்டம்

நான் கல்யாண கேட்டரிங்கில் ஸ்வீட் செக்‌ஷன் பார்த்தவள். இப்போது ஓய்வு. அதாவது மகன் வீட்டில் எனக்கு அடுப்படியில் வேலையில்லை. பசித்தால் போனில் ஆர்டர் போடுகிறார்கள். எங்கள் காண்ட்ராக்டர் மணி மாமா மயிலாப்பூர்க்காரர். அந்தக் கல்யாணம் தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துடையது. பெண் காவ்யா அயர்லாந்தில் படித்துவிட்டு வந்தவள்.

மெனு பேச வந்த அன்று பெரியவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு அவள் என்னை அருகில் அழைத்தாள்.

"அக்கா, புடவை அம்மா செலக்ட் பண்ணினாங்க. மண்டபம் அப்பா. தேதி ஜோசியர். நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அங்க குளிர்ல தனியா இருந்தப்ப, ரூம்மேட்டோட அம்மா எனக்கு ஆப்பிள் க்ரம்பிள் செஞ்சு கொடுப்பாங்க. ரிசப்ஷனுக்கு இது வேணும்."

அவளுடைய அப்பா பக்கத்து நாற்காலியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "கடல் கடந்து போய்ப் படிச்சது ஆப்பிள வேக வைக்கத்தானா? நம்ம பந்தியில இதெல்லாம் யாரு திங்கா?" என்றார்.

மணி மாமாவுக்கு வேறு கவலை. "க்ரீம்ல பட்டையப் போடுவேங்கறயே. ஹால் பூரா குருமா வாசனை அடிச்சுண்டு நிக்கும்மா. ஏலக்காய் போட்டா யார் வேண்டாம்னா?"

நான் இருவருக்கும் தலையாட்டிவிட்டு என் வழியில் செய்தேன். இந்தத் தொழிலில் தலையாட்டுவது தனித் திறமை.

செய்முறை எளிதுதான். ஆப்பிளைத் துண்டு போட்டு, வெண்ணெயில் நாட்டுச் சர்க்கரையோடு வதக்கி, குழையாமல் இறக்க வேண்டும். ஃப்ரெஷ் க்ரீமைக் குளிர வைத்து அடித்து, பட்டைப்பொடி, ஜாதிக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. மைதா, ஓட்ஸ், சர்க்கரை, குளிர்ந்த வெண்ணெய் நான்கையும் விரல் நுனியால் உதிர்த்து, ஓவனில் பொன்னிறமாக எடுத்தால் க்ரம்பிள். ஆப்பிள் கீழே, க்ரீம் நடுவே, க்ரம்பிள் மேலே. சீக்கிரமே மேலடுக்கு ஊறிப்போகும் என்பதால் ஒவ்வொரு பந்திக்கும் அப்போதைக்கப்போது நிரப்புவது என்று முடிவு செய்திருந்தேன். என்னைக் காப்பாற்றியது அந்த முடிவுதான்.

எல்லாவற்றையும் யோசித்த நான், அதை இலைக்குக் கொண்டுபோகிறவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்ளரைப் பார்த்தால் தெரியாதா என்ன என்று நினைத்தேன். தெரியாது. பந்திக்காரருக்குத் தெரிந்தது வாளியும் கரண்டியும் ஓட்டமும்தான்.

மூன்று வாளி

முதல் பந்தி எழுந்தது. இலைகளை எட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் மிச்சமில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை, அவமானமாக இருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் மூன்றாவது பந்தியில் உட்காரப் போகிறார்கள். அந்தப் பெண் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்று. அவள் இலையில் விழப்போவது பழுப்புக் கூழ்.

தேவராஜை இழுத்துக்கொண்டு போய் அடுக்குகளைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மொதல்லயே சொல்றதுக்கென்னக்கா? சரி வுடு, தம்ளர்லயே வச்சிடறேன்."

"வேண்டாம். ஃபேன் சுத்துதுன்னு நீங்க சொன்னது நிஜம்தானே."

அப்போது இரண்டாம் பந்திக்குப் பரிமாறும் ஆட்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். ஒருவர் சாதம், பின்னாலேயே பருப்பு, அவர் பின்னால் நெய். ஒருவர் போட்டு நகர்ந்த இடத்தில் அடுத்தவர் கரண்டி இறங்குகிறது. அடுக்குப் போடும் கலையை இவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கப் பார்த்தேனே என்று சிரிப்பு வந்தது.

"தேவராஜ், மூணு வாளி எடுங்க. முதல்ல ஆப்பிள், அதுக்கு மேலயே க்ரீம், அதுக்கு மேல க்ரம்பிள். நடுவுல யாரும் நிக்கக் கூடாது."

"பருப்பு நெய் மாதிரி. அவ்ளோதானே? இதுக்கா மூஞ்ச அப்டி வச்சிருந்தே?"

இரண்டாம் பந்தியில் ஒத்திகை. ஆப்பிள் பாதி குளிர்ந்திருந்ததால் க்ரீம் உருகவில்லை. இலையில் கட்டியாக நின்றது. தம்ளரில் ஊறிப்போகும் க்ரம்பிள் இங்கே கடைசி நொடியில் விழுந்து மொறுமொறுவென்றிருந்தது. மணி மாமா ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு, "குருமா வாசனை வரலையே" என்றார். ஏமாற்றம் மாதிரிதான் இருந்தது.

மூன்றாம் பந்தி. தேவராஜே க்ரம்பிள் வாளியைத் தூக்கினார். காவ்யாவின் இலையில் மூன்று கரண்டியும் ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கின. அவள் குனிந்து பார்த்தாள். விரலால் மூன்றையும் சேர்த்து அள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வீடியோக்காரர் "மேடம், கண்ணத் தொறங்க" என்கிறார்; அவள் திறக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா வந்து நின்றார். சர்க்கரை நோய்க்காரர், வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று முதல் பந்தியிலேயே உட்கார்ந்து எழுந்தவர். மகள் இலையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, இது என்னது? மொத பந்தியில ஒரு ஆப்பிள் பாசந்தி போட்டிய, பிரமாதமா இருந்துச்சு, ரெண்டு தடவ வாங்குனேன். புள்ளைக்கு அதப் போடாம வெள்ளக்காரன் சமாச்சாரத்தக் கொண்டாந்து வச்சிருக்கிய?"

தேவராஜ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

காவ்யா கண்ணைத் திறந்தாள். வாளியையும் அப்பாவையும் என்னையும் பார்த்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன் இலையில் இருந்ததை விரலால் நன்றாகக் கலக்கி, ஒரு வாய் எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இதானேப்பா?"

அவர் மென்றார். இன்னொரு முறை மென்றார். "இதேதான்" என்று சொல்லிவிட்டு, சபையில் எல்லாரும் பார்க்க மகள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு இலை போடச் சொல்லு."

மறுமாதமே மணி மாமா மெனு கார்டில் இரண்டு ஐட்டம் சேர்த்துவிட்டார்: ஆப்பிள் க்ரம்பிள், ஆப்பிள் பாசந்தி. கலக்கியதற்குத்தான் விலை கூட.

இப்போது மணி மாமாவிடம் புதிதாக வேலைக்குச் சேர்கிற பெண்கள் க்ரீம் பிழியும் பைப்பிங் பேக், மோல்டு என்று பையை நிரப்பிக்கொண்டு மகன் வீட்டுக்கே வந்து என்னிடம் யோசனை கேட்கிறார்கள். ருசியைப் பற்றி நான் ஒன்றும் கேட்பதில்லை. "இதை இலைக்குக் கொண்டுபோகிறவர் யார்? அவரிடம் பேசினாயா?" என்று மட்டும் கேட்கிறேன்.