விமானத்தின் முதுகு

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, நான் எண்பதடி உயரத் தண்ணீர்த் தொட்டி ஒன்றின் உச்சியில் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் தண்ணீர் வரவில்லையா என்று கேட்காதீர்கள். ஒரு புகைப்படத்தைச் சந்தேகப்பட்டேன். அதற்கு எனக்கு நானே விதித்துக்கொண்ட தண்டனை அது.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை இல்லாமல் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியாததா?

மைசூரில் எங்களுக்கு ஒரு சின்னக் கூட்டம் உண்டு. மொத்தம் ஆறு பேர், எல்லோரும் விமானப் படப் பைத்தியங்கள். ஞாயிறு காலைகளில் விஜயநகரில் நாகராஜ் சார் வீட்டு ஹாலில் கூடுவோம். அவர் வங்கி ஊழியர், கன்னடக்காரர்; பேசும் தமிழில் பாதி கன்னடம். வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் விமானம் ஏறியிருக்கிறார். ஆனால் வாலை மட்டும் காட்டினால் போதும், வகை என்ன, எந்த நாட்டுத் தயாரிப்பு, எத்தனை இன்ஜின் எல்லாம் சொல்லிவிடுவார். மருந்துக்கடை நடத்தும் லதா இன்னொருத்தி. வாயைத் திறந்தால் கிண்டல்தான். நான் தொழிற்சாலை ஒன்றில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர்.

படம் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. படம் கவிழ்த்தபடிதான் கைக்கு வரும். திருப்ப வேண்டும், ஒரு நிமிடம் பேசாமல் பார்க்க வேண்டும், பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்லலாம். 'நல்லா இருக்கு' என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னவர்தான் அன்றைக்கு டீ டம்ளர்களைக் கழுவ வேண்டும்.

எப்படிப்பட்ட படங்கள் தெரியுமா? மூக்கை மேலே தூக்கி வாயைப் பிளந்து நிற்கும் சரக்கு விமானம், அதன் தொண்டைக்குள் நுழையும் ஒரு லாரி. மழை நின்ற ஓடுதளத்தில் இரண்டு பக்கமும் தண்ணீரை வாரி இறைத்தபடி ஓடும் போர் விமானம். நிலாவின் நடுவே — சரியாக நடுவே — கொசு அளவுக்கு ஒரு ஜெட். அந்த ஒரு நொடிக்காக அதை எடுத்தவர் எத்தனை நாள் கழுத்து வலிக்க நின்றிருப்பார்? அதைப் பேசிப் பேசியே எங்கள் டீ ஆறிப்போகும்.

இந்தக் கூட்டத்துக்கு ஆறாவதாக வந்து சேர்ந்தவர் மாதேஷ். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் மார்டள்ளி ஊர்க்காரர், கட்டட வேலையில் சென்ட்ரிங் மேஸ்திரி. நாகராஜ் சார் வீட்டு மாடிக்குச் சன்ஷேடு போட வந்தவர், ஹால் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டுச் சிமெண்ட் சட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றாராம். அடுத்த ஞாயிறு குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். ஐந்து வாரம் ஒரு படமும் கொண்டுவரவில்லை. எல்லோருடையதையும் பார்த்தார்.

ஆறாவது வாரம் ஒரு படத்தைக் கவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

திருப்பினேன்.

மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் பயிற்சி விமானம். நாங்கள் எப்போதும் பார்க்கும் வயிறு தெரியவில்லை. முதுகு தெரிந்தது. விரித்த இறக்கைகள், கண்ணாடிக் கூண்டு, அதற்குள் இரண்டு தலைகள். கீழே உழுது போட்ட செம்மண். அதில் கொஞ்சம் தள்ளி, விமானத்தின் அதே அளவில், அதன் நிழல். விமானம் தன் நிழலைத் துரத்துகிறதா, நிழல் விமானத்தைக் கூப்பிடுகிறதா என்று சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடம் என்பது எனக்கு மூன்று நிமிடம் ஆனது.

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன வருடம் ஒரு கல்லூரி மாணவர் வெளிநாட்டுப் பத்திரிகைப் படத்தைப் படமெடுத்து, தன்னுடையது என்று கொண்டுவந்து எங்களை ஏமாற்றிவிட்டார். அதிலிருந்து நான் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் வைத்திருக்கிறேன். எந்த இடம், எந்த லென்ஸ், எந்த ஷட்டர் வேகம்... இப்படி. இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே கறாராக இருந்தேன். காரணம், ஒரு கல்லூரியில் நடக்கவிருந்த பொழுதுபோக்குக் கண்காட்சியில் எங்களுக்கு ஒரு சுவர் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு படங்கள். பதினொன்று முடிவாகிவிட்டது. பன்னிரண்டாவது இடத்துக்குத்தான் மாதேஷ் இதைக் கொண்டுவந்திருந்தார்.

"எந்த விமானத்துல இருந்து எடுத்தீங்க?" என்று கேட்டேன். மேலிருந்து எடுத்த விமானப் படம் என்றால், இன்னொரு விமானத்திலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். எங்களுக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

"விமானம் இல்லீங்க மேடம். டேங்க் மேல இருந்துங்க."

"எந்த டேங்க்?"

"தண்ணி டேங்குதானுங்க. ஓடுதளத்துக்குப் பக்கத்துல, மேட்டு மேல நாங்க கட்டிட்டு இருக்கோமே, அது. ஸ்டூடியோக்காரர் கேமராவும் பெரிய லென்ஸும் ஒரு நாளைக்குக் குடுத்தாருங்க."

நாகராஜ் சார் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "மாதேஷா, ஸ்வல்ப யோசனை பண்ணு குரு. நீ நிக்கிறது டேங்க் மேல. ப்ளேன் போறது ஆகாசத்துல. நீ எப்படிப்பா அதுக்கு மேல இருப்ப?"

"எறங்கறப்ப சார்..."

"சும்னே ஏதோ சொல்லாத. புக்ல பார்த்து எடுத்தேன்னா அதையே சொல்லிடு, பரவால்ல."

நாகராஜ் சார் படத்தைத் திருப்பி நீட்டினார். மாதேஷ் படத்தை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"பொய் சொல்ல எனக்கென்னங்க வேண்டிக்கெடக்கு? எங்க செட்டுல எட்டுப் பேருகிட்டச் சொல்லிட்டேன், நம்ம படம் காலேஜுல மாட்டப் போறாங்கன்னு. இப்பத் திருட்டுப் படம்னு போய்ச் சொல்லட்டுங்களா? நீங்க வந்து ஏறிப் பாருங்க மேடம். தெனமும் காலைல ஏழு மணிக்கு கான்கிரீட்டுக்குத் தண்ணி விட மேல போவேன். சனிக்கெழமை வரைக்குந்தான். திங்கக்கெழமை சாரத்தைப் பிரிச்சிருவாங்க."

லதா என் பக்கம் சாய்ந்து, "உன் தாள்ல பத்தாவது கேள்வி ஒன்னு எழுதிக்கோ — உங்களுக்கு உயரம்னா பயமா?" என்றாள்.

பயம்தான். ஆனால் கருவி சரியா தப்பா என்று மேசையில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னால் என் வேலையில் என்னை வைத்திருப்பார்களா?

ஆக, சனிக்கிழமை. தோளில் கேமரா, பையில் ஒன்பது கேள்வித் தாள். சாரத்தோடு கட்டியிருந்த ஏணியில் மாதேஷ் எனக்குப் பின்னால் ஏறினார். "கீழ பாக்காதீங்க மேடம். கையைப் பாருங்க, கை மட்டும்." படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். எழுபத்து நான்கு. எண்ணிக்கை தவறாமல் பார்த்துக்கொண்டதால்தான் அலறாமல் போய்ச் சேர்ந்தேன்.

உச்சியில் புது கான்கிரீட். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். மாதேஷ் குழாயைப் பிடித்து நனைக்க ஆரம்பித்தார். நான் ஓடுதளத்தைப் பார்த்தேன். அப்போதே பாதி புரிந்துவிட்டது. ஓடுதளம் பள்ளத்தில் கிடக்கிறது. நாங்கள் நிற்பது மேடு, மேட்டின் மேல் எண்பதடி.

"வருதுங்க" என்றார்.

தூரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. முதலில் எங்களுக்கு மேலேதான் இருந்தது. இறங்கிக்கொண்டே வந்தது. எங்கள் கண் மட்டத்துக்கு வந்தது... அப்புறம் அதற்கும் கீழே போயிற்று.

எத்தனை வருடமாக விமானம் பார்க்கிறேன்? பிறந்ததிலிருந்து வயிற்றைத்தான் பார்த்திருக்கிறேன். முதுகு வேறு. வெயிலில் வெளுத்த பெயிண்ட். இறக்கையில் ஒட்டுப் போட்ட ஒரு சதுரம். கூண்டுக்குள் ஒரு வெள்ளைத் தொப்பி, அதன் அருகே அசையாமல் விறைத்திருந்த இன்னொரு தலை. அந்தத் தலைதான் அன்றைக்குப் பாடம் படிக்கிறது போலும். நிழல் வேலியைத் தாண்டியது, வரப்பில் மடிந்து நிமிர்ந்தது, விமானத்தை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது. இடைவெளி குறைந்தது. இன்னும் குறைந்தது. சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் இரண்டும் ஒன்றாயின.

மாதேஷின் படம் அதற்கு நான்கு நொடி முந்தியது. எந்த நொடியை விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சேர்ந்த பிறகு எடுத்திருந்தால் அது வெறும் விமானம். சேரப்போகும் நொடியை எடுத்திருக்கிறார். இதை எந்தப் பத்திரிகையில் படித்திருப்பார்?

"எடுத்தீங்களா மேடம்?"

கேமரா தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. மூடியைக்கூடக் கழற்றவில்லை.

மறுநாள் ஞாயிறு. ஆறு பேரும் இருந்தோம். நான் பார்த்ததைச் சொன்னேன். நாகராஜ் சார் கையை நீட்டினார். "ப்ரூஃப்?"

"எடுக்க மறந்துட்டேன் சார்."

"ஏம்மா, நீ போட்ட ரூல்தானே? கேமராவைத் தூக்கிட்டு எழுபது படி ஏறிட்டு..."

"எழுபத்து நாலு" என்றேன், மெல்ல.

மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டார். இவருடைய பெயரை அழுக்காக்கியதும் நான்தான், இப்போது கழுவ முடியாமல் வெறுங்கையோடு நிற்பதும் நான்தான்.

லதா படத்தை எடுத்துப் பார்த்தாள். "சார், இவ துணிக்கடைக்குப் போனாலே லிஸ்ட் எடுத்துட்டுப் போறவ. பொய் சொல்றதா இருந்தா ஒரு ரோல் முழுக்க எடுத்து, பின்னாடி நம்பர் போட்டுக் கொண்டாந்திருப்பா. மறந்துட்டு வந்திருக்கான்னா அங்க என்னமோ நெஜமாவே பார்த்திருக்கா."

நாகராஜ் சார் சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, முதல் முறையாக விமானத்தை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தார். நிழல் எவ்வளவு தள்ளி விழுந்திருக்கிறது என்று பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைசியில், "காலை வெயில் அல்லவா, மாதேஷா?" என்றார்.

"ஆமாங்க சார். ஏழேகாலு, தண்ணி விடற நேரந்தானுங்க."

"தப்பு நம்முது குரு. மாட்டிடலாம்."

நானும் மன்னிப்புக் கேட்டேன். மாதேஷ் சங்கடப்பட்டார். "அதை விடுங்க மேடம். எறங்கறப்பக் கால் நடுங்குச்சே, இப்பத் தேவலைங்களா?"

போன ஞாயிறு கண்காட்சி. மாதேஷின் செட்டு ஆட்கள் எட்டுப் பேரும் சலவைச் சட்டையில் வந்து பன்னிரண்டாவது படத்தின் முன் நின்றார்கள். கீழே 'மாதேஷ், சென்ட்ரிங் மேஸ்திரி' என்று எழுதியிருந்தோம். அவர்களில் ஒருவர் படத்தின் நான்கு மூலையையும் தேடிவிட்டு, குறையோடு கேட்டார்.

"எல்லாஞ் செரிண்ணா... நம்ம டேங்க் எங்க?"

"அது மேலதானடா நான் நிக்கிறேன்" என்றார் மாதேஷ்.

டேங்கைக் கட்டிய அந்த ஆளுக்கு மட்டும்தான் அந்தச் சந்தேகம் வந்தது. நாங்கள் ஆறு மாதம் பூதக்கண்ணாடி பிடித்திருந்தாலும் வந்திருக்காது.