யாருக்கு முதலில் வந்தது

வெயில் காலம் வந்தால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் டைபாய்டில் படுப்பது வழக்கமாகிவிட்டிருந்தது. ஒரு வருடம் அம்மா, அடுத்த வருடம் நான், அதற்குப் பிறகு சித்தப்பா. படுத்தவர்களுக்கெல்லாம் கஞ்சி வைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, பக்கத்திலேயே கிடந்தவள் அத்தை. அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருடமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையார்பாளையத்துக்கு எங்களோடு வந்து சேர்ந்தவள். இத்தனை நோயாளிகளுக்கு நடுவில் புழங்கியும் அவளுக்கு உடம்பு ஒருநாளும் சுட்டதில்லை. காமாட்சியம்மன் துணை என்பாள் அம்மா.

அத்தையின் மோருக்குத் தெருவில் பேர் உண்டு. தயிரைக் கடைந்து, பானைத் தண்ணீர் ஊற்றி, உப்பையும் கறிவேப்பிலையையும் கையாலேயே கசக்கிப் போடுவாள். தறியிலிருந்து எழுந்து வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு சொம்பு குடிப்பார்கள். எதிர்வீட்டுச் சின்னப் பெண்ணும் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு ஓடி வருவாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது தம்பியும் அந்தப் பெண்ணும் ஒன்றாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். தம்பி பிழைத்துக்கொண்டான். அவள் பிழைக்கவில்லை. அவளுடைய அம்மாவைக் கட்டிக்கொண்டு தெருவிலேயே அதிகம் அழுதவள் அத்தைதான்.

தம்பிக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா, இதற்கு முன் யார் யார் படுத்தார்கள், எல்லோரும் எதைச் சாப்பிட்டார்கள் என்று அப்பாவைத் துருவித் துருவிக் கேட்டார். பிறகு, அத்தையை அழைத்துவரச் சொன்னார். தன் மலத்தைத் தகர டப்பாவில் அடைத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தலை நிமிராமல் அத்தை நடந்து போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒரு தடவையோடு விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முடிவு தெரிகிற அன்று துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டாள்.

“எனக்குக் காய்ச்சலே இல்லியேம்மா. நல்லாத்தான இருக்கேன்?” என்றாள் அத்தை.

“காய்ச்சல் உங்களுக்கு எப்பவோ வந்து போயிடுச்சு. கிருமி மட்டும் போகலை. பித்தப்பையில தங்கிடுச்சு. அதால உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆனா அங்கேருந்து குடலுக்கு இறங்கி வெளியே வந்துக்கிட்டே இருக்கு. எவ்வளவு கழுவினாலும் கையில கொஞ்சம் ஒட்டும். கொதிக்கிற குழம்புல விழுந்தா செத்துடும். மோர்ல சாகாது.”

அத்தை தன் கைகளைப் பார்த்தாள். பிறகு மடியில் வைத்து மூடிக்கொண்டாள்.

“அந்தப் பாப்பா?” என்றாள்.

டாக்டரம்மா அப்பா பக்கம் திரும்பினார். மெட்ராஸுக்குப் போய்ப் பித்தப்பையை எடுத்துவிடலாம், பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னார்.

அப்படியே செய்தார்கள். பிறகு எடுத்த சோதனைகளில் கிருமி இல்லை. ஆனாலும் அத்தை அடுப்படிப் பக்கம் போகவில்லை. நாங்கள் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டால்கூடக் கைகளைத் தூக்கிக்கொள்வாள்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து ஜட்கா வண்டியில் திரும்பினோம். ராஜ வீதியில் நெரிசல், வண்டி ஊர்ந்தது. அத்தை வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“அண்ணா, எங்க வூட்டுக்காரரும் காய்ச்சல்லதான போனாரு. அதுவும் என்னாலதானா?”

அப்பா சட்டென்று சொன்னார். “இல்லம்மா. அவருக்குத்தான் முதல்ல வந்துச்சு. அவருகிட்டேருந்துதான் உனக்குத் தொத்திக்கினு இருக்குது. நான்தான் வந்து பார்த்தேனே.”

அத்தை திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “ஆமாண்ணா. அவருக்குத்தான் முதல்ல” என்றாள்.

எனக்கு வாய் துறுதுறுத்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு தனக்குக் காய்ச்சல் கண்டு, தலைமுடியெல்லாம் கொட்டி, அது வளரும்வரை கல்யாணத்தையே தள்ளிப்போட்டார்கள் என்று அத்தையே எனக்குப் பலமுறை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் முதலில் வந்தது அவளுக்குத்தானே? சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் முழங்கையை வலிக்கும்படி அழுத்தினார்.

வண்டி வீட்டு வாசலில் நிற்கும்வரை, இவ்வளவு பெரிய விஷயம் இரண்டு பேருக்குமே எப்படி ஒன்றுபோல மறந்துபோனது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.