ரஞ்சனி விட்ட மூன்றடி

சசிரேகா மலை ஊரான அருவங்காட்டில் பதினெட்டு வருடமாக வீட்டுப் பிளான் வரைகிறாள். அவள் வரைந்த வீடுகள் பார்க்க எடுப்பாக இருக்கும். ஐப்பசி மழை வந்தால் சுவரெல்லாம் பூஞ்சை. மலையில் அப்படித்தான் என்பாள். ரஞ்சனி தனியாகத் தொழில் தொடங்கும்வரை ஜனங்களும் அதை நம்பினார்கள்.

ரஞ்சனி கீழ் கோத்தகிரி தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவள். சசிரேகாவிடமே நாலு வருடம் வேலை பார்த்தவள். பக்கத்து ஜெகதளாவில் அவள் கட்டித் தந்த முதல் வீட்டைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. மார்கழியிலும் ஹீட்டர் வேண்டாமாம், துணி வீட்டுக்குள்ளேயே காய்கிறதாம். ஒரு மழைநாளில் சசிரேகா அங்கே போனாள். வீட்டுக்காரம்மா டீ போடப் போன நேரத்தில் பீரோவுக்குப் பின்னால் கைவிட்டுச் சுவரைத் தடவினாள். காய்ந்திருந்தது. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த மாதம், ஊர் வெடிமருந்து ஃபேக்டரியில் ரிட்டையரான ஹெர்பர்ட் ரஞ்சனியின் பிளானோடு சசிரேகாவிடம் வந்தார்.

"ஏனுங்க மேடம், இது நம்ம சரிவுக்குத் தாங்குங்களா?"

தாங்கும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கிழக்கே காலை வெயிலுக்குக் கண்ணாடிக் கூடம், மழைக்காற்று அடிக்கும் பக்கம் சின்ன ஜன்னல்கள், சாய்வான கூரை.

"மண்ணு சரிஞ்சா மொத்தமும் போயிருமுங்க சார்" என்றாள்.

வேலை அவளுக்கே வந்தது. அதே கூடம், அதே ஜன்னல்கள், அதே கூரை. பின்பக்க மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே ரஞ்சனி விட்டிருந்த மூன்றடி இடைவெளி மட்டும் வீணாகத் தோன்றியது. அதையும் சேர்த்துச் சமையலறையைப் பெரிதாக்கினாள்.

குடிபுகுந்த அன்று ஹெர்பர்ட் ரஞ்சனியையும் அழைத்திருந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தவள் சசிரேகாவைத் தனியே கூப்பிட்டாள்.

"என் பிளானை எடுத்தது இருக்கட்டுங்க்கா. அந்த மூணடியை ஏன் அடைச்சீங்க? மேட்டுத் தண்ணி அது வழியாத்தான் ஓடணும். மழைக்கு முந்தி சுவத்தைத் தள்ளிக் கட்டிருங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

ரஞ்சனி படியிறங்கிப் போய்விட்டாள்.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் ஹெர்பர்ட் கூப்பிட்டார். சமையலறைச் சுவர் உள்பக்கம் உப்பி, சேற்றுத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சசிரேகா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தப்பு என்னுதுங்க சார். ரஞ்சனி பிளான் சரியாத்தான் இருந்துச்சு. மண்ணு சரியும்னு நான் சொன்னது பொய்யுங்க."

மழை விட்டதும் தானே கூட நின்று சுவரை இடித்து மூன்றடி தள்ளிக் கட்டிக்கொடுத்தாள். ஹெர்பர்ட் அதன்பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது செங்குத்தான இடத்தில் வீடு வேண்டும் என்று வருகிறவர்களை அவள் ரஞ்சனியிடம் அனுப்பிவிடுகிறாள். அந்தப் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் வயிறு எரியத்தான் செய்கிறது.